ஒரு கணினி, பல செவிகள்

நுழையும்முன்

வீட்டிலும் பள்ளியிலும் நூலகத்திலும் ஒரே கணினியைப் பலர் மாறிமாறிப் பயன்படுத்துவது நம் நாட்டில் இயல்பான காட்சி. அவ்வாறு பயன்படுத்தும்போது ஒருவருக்குக் கேட்கும் ஒலி மற்றொருவருக்குக் கேட்காமற் போவதுண்டு. திரையைக் கண்ணால் காண்பவருக்கு அது சிறிய இடையூறு. திரையைச் செவியால் படிப்பவருக்கோ கணினியே இல்லாமற் போனதற்கு ஒப்பாகும். அந்த ஒலி எங்கே தடைப்படுகிறது, ஏன் தடைப்படுகிறது என்பதைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

செவியால் படிப்போர்

சென்னையின் மேற்குப் புறநகர்களுள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், ஆவடி பீரங்கி ஊர்தித் தொழிற்சாலைக்கும் பெயர்பெற்றவை. அவற்றிற்கு அண்மையிலுள்ள பூவிருந்தவல்லிக்கு மற்றொரு சிறப்பு உண்டு. பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி அங்கு இயங்குகிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வை மாற்றுத்திறனாளர் மேம்பாட்டு நிறுவனத்தின் மண்டல மையமும் அவ்வூரில்தான் உள்ளது. பிரெயில் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் கல்விமுறையோடு, கணினியைச் செவியால் படிக்கும் முறையும் இன்று சேர்ந்துகொண்டுள்ளது.

கணினித் திரையில் தோன்றும் எழுத்துகளைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். விண்டோஸ் இயங்குதளத்தில் பெரிதும் பயன்படும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் உருவாக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு இணைந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்க இயலாதவரும் பயன்படுத்த வேண்டும் என்னும் நோக்கில் அதனை இலவசமாக வழங்கினர். லினக்ஸ் இயங்குதளத்தில் இதே பணியை ஆர்க்கா என்னும் மென்பொருள் செய்கிறது. ஈஸ்பீக் என்னும் பேச்சொலி மென்பொருளின் துணையோடு இவை தமிழையும் படிக்கின்றன. குரல் சற்று இயந்திரத்தனமாக இருப்பினும், பழகிய செவி அதனை விரைவாகப் பின்தொடரும். புதிதாகக் கேட்பவர் ஒரு சொல்லையும் பிடிக்க இயலாத வேகத்தில் அதனை ஓடவிட்டுப் படிப்பவர்கள் பலர்.

எழுத்தைத் தட்டினால் அவ்வெழுத்து ஒலிக்கும்; சுட்டி நகர்ந்தால் அது நிற்கும் இடம் ஒலிக்கும்; பிழை நேர்ந்தால் பிழைச்செய்தியும் ஒலிக்கும். ஒலி நின்றுவிட்டால் ‘ஒலி நின்றுவிட்டது’ என்று அறிவிக்கவும் அங்கே ஒரு வழி இராது. ஒலிக்கோளாற்றைச் சரிசெய்யும் அறிவு இவர்களுக்கும் இவர்களோடு கணினியைப் பகிர்ந்துகொள்வோருக்கும் ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

ஒரு வீட்டில்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின்வழி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ், சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம். மாணவர் ஒருவருக்கு வழங்கப்பட்ட மடிக்கணினி, அவர் பள்ளிப்படிப்பை முடித்தபின் வீட்டின் பொதுக் கணினியாக மாறிவிடுவது இயல்பே.

அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்கு அருகே அவ்வீடு உள்ளது. மடிக்கணினியைப் பெற்ற அக்கா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தம்பி பதினோராம் வகுப்பு, பார்வைத்திறன் இல்லாதவன், ஆர்க்காவின் துணையால் படிக்கிறான். இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகள் உள்ளன. மாலையில் அக்கா காணொலிப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கையில் தம்பி வந்து நிற்கிறான். அவள் கணக்கை விட்டு வெளியேறவில்லை. காணொலியின் ஒலியளவைச் சுழியத்திற்குக் குறைத்துவிட்டு, ‘பயனர் மாற்று’ என்னும் கட்டளையைத் தந்து எழுந்து செல்கிறாள். தம்பி தன் கடவுச்சொல்லைத் தட்டுகிறான். கணினியிடமிருந்து ஒலியே எழவில்லை.

“அக்கா, கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது.”

அக்கா வந்து பார்க்கிறாள். திரை ஒழுங்காகத் தெரிகிறது. ஒலியளவைக் கூட்டுகிறாள்; பயனில்லை. கணினியை அணைத்து மீண்டும் இயக்குகிறாள். தம்பி உள்நுழைந்ததும் ஆர்க்கா பேசுகிறது. சரியாகிவிட்டதென்று இருவரும் எண்ணுகின்றனர். மூன்று நாள் கழித்து மீண்டும் அதே அமைதி.

மறுதொடக்கம் செய்ததும் மறைந்து, சில நாளில் திரும்ப வரும் கோளாறுகள் பலவும் இவ்வகையினவே. மறுதொடக்கத்தின்போது எல்லாப் பயனர்களின் நிரல்களும் மூடப்படுவதால் தடை நீங்குகிறது. தடைக்கான சான்றும் உடன் நீங்கிவிடுகிறது. ஆகவே, கோளாற்றின் காரணத்தை அறிய விரும்புபவர் மறுதொடக்கம் செய்வதற்கு முன்பாகவே ஆராயத் தொடங்க வேண்டும்.

யாருக்குக் கேட்கவில்லை?

தனியொருவர் பயன்படுத்தும் கணினியில் ‘ஏன் கேட்கவில்லை’ என்பதே முதல் வினா. பலர் பயன்படுத்தும் கணினியில் அதற்கு முன்னதாக வேறொரு வினா எழ வேண்டும்: யாருக்குக் கேட்கவில்லை?

எந்தப் பயனர் உள்நுழைந்தாலும் ஒலி இல்லையெனில், கோளாறு அனைவருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கி, இணைப்புக் கம்பி, ஒலியட்டை, அதன் இயக்கி மென்பொருள் ஆகியவை அப்பொதுவான இடங்கள். ஒருவருக்குக் கேட்டு மற்றவருக்குக் கேட்கவில்லையெனில் வன்பொருள் பழுதில்லை என்பது அந்நொடியே உறுதியாகிவிடுகிறது. அப்படியிருந்தும் கணினியைத் தூக்கிக்கொண்டு பழுதுநீக்கும் கடைக்குச் செல்வோர் பலர். கடைக்காரர் தம் மேசையில் வைத்து இயக்கிப் பார்க்கும்போது ஒரேயொரு பயனரே உள்நுழைந்திருப்பார். ஒலி நன்றாகக் கேட்கும். கடைக்காரர்மீது குறையில்லை. கோளாறு தோன்றும் சூழல் அந்த மேசைக்கு வரவில்லை.

தம்பியின் வீட்டில் நிகழ்வதை இவ்வாறு பிரித்துப் பார்த்தால், தம்பி மட்டும் உள்நுழைந்திருக்கும்போது ஒலி உண்டு; அக்கா மட்டும் இருக்கும்போதும் உண்டு; அக்காவின் கணக்கு பின்னணியில் திறந்திருக்கும்போது தம்பிக்கு இல்லை. இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ‘எப்போதும் வேலை செய்வதில்லை’ என்று பொதுப்படக் கூறுவதற்கும், ‘இன்னார் உள்நுழைந்திருக்கும்போது இன்னாருக்குக் கேட்பதில்லை’ என்று கூறுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது.

ஒலி கடந்துவரும் வழி

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறப்பதை அது விளக்குகிறது. ஓர் எழுத்தின் ஒலிப்பு பிழைபட்டால் எந்த உறுப்பின் முயற்சி குறைந்தது என்று பார்ப்பதற்கு அவ்வியல் வழிகாட்டுகிறது. கணினியின் ஒலியும் சில நிலைகளைக் கடந்தே வெளிப்படுகிறது. கோளாற்றைத் தேடுவோர் அந்நிலைகளை வரிசையாக அறிந்திருப்பது நன்று.

முதல்நிலை, ஒலியை உண்டாக்கும் நிரல். திரைவாசிப்பானோ காணொலி இயக்கியோ ஒலியை எண்களின் தொடராக உருவாக்குகிறது. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு ஒவ்வொரு தடத்திலும் 44,100 எண்கள் தேவை. இரண்டாம்நிலை, ஒலிச் சேவையகம். பல நிரல்கள் ஒரே வேளையில் தரும் ஒலிகளைக் கலந்து ஒன்றாக்குவது இதன் பணி. லினக்ஸில் 2004ஆம் ஆண்டு லெனார்ட் போட்டரிங் உருவாக்கத் தொடங்கிய பல்ஸ்ஆடியோ நெடுங்காலம் இப்பணியைச் செய்தது. புதிய பதிப்புகளில் பைப்வயர் என்னும் மென்பொருள் அவ்விடத்தைப் பெற்றுள்ளது. மூன்றாம்நிலை, இயங்குதளத்தின் உட்கருவில் அமைந்த அல்சா என்னும் இயக்கித் தொகுதி. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸின் 2.6ஆம் பதிப்பிலிருந்து இது உட்கருவின் பகுதியாக உள்ளது. நான்காம்நிலையில் ஒலியட்டை எண்களை மின்னலைகளாக மாற்றுகிறது. அதன்பின் ஒலிபெருக்கி மின்னலைகளைக் காற்றின் அதிர்வாக மாற்ற, செவி கேட்கிறது.

இந்நிலைகளுள் முதலிரண்டும் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. மற்றவை அனைவருக்கும் பொது. அக்காவுக்கென ஒரு ஒலிச் சேவையகம் இயங்குகிறது. தம்பிக்கென மற்றொன்று இயங்குகிறது. இருவரின் ஒலியளவும் வெவ்வேறு. ஒலி எந்தக் கருவிக்குச் செல்ல வேண்டும் என்னும் தெரிவும் வெவ்வேறு. அக்கா ஒருநாள் தொலைக்காட்சியோடு கணினியை இணைத்து, ஒலியைத் தொலைக்காட்சிக்குத் திருப்பியிருந்தால் அத்தெரிவு அவள் கணக்கோடு நின்றுவிடும். அல்சாவின் அளவுகளோ கணினிக்கே உரியவை. கணினி அணையும்போது அவை சேமிக்கப்பட்டு, மீண்டும் இயங்கும்போது திரும்ப வைக்கப்படுகின்றன. அங்கே ஒருவர் ஒலியை அடைத்துவிட்டால் அடுத்துவரும் அனைவருக்கும் அது அடைபட்டே இருக்கும்.

அதனைச் சரிபார்க்க அல்சாமிக்சர் என்னும் சிறு நிரல் உள்ளது. கட்டளைச் சாளரத்தில் அதன் பெயரைத் தட்டினால், செங்குத்தான பட்டைகளாக ஒவ்வொரு தடத்தின் அளவும் தோன்றும். பட்டையின் அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் அத்தடம் அடைக்கப்பட்டுள்ளது. எம் விசையை ஒருமுறை அழுத்தினால் திறந்துகொள்ளும். முதன்மைத் தடம் திறந்திருந்து, ஒலிபெருக்கித் தடம் மட்டும் அடைபட்டிருப்பதும் உண்டு. ஆகவே எல்லாத் தடங்களையும் பார்க்க வேண்டும்.

தடை மேல்நிலையிலா, கீழ்நிலையிலா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்றும் உள்ளது. பல்ஸ்ஆடியோவின் ஒலியளவுக் கட்டுப்பாட்டுச் சாளரத்தில், ஒலி பாயும்போது ஒரு பட்டை துள்ளிக்கொண்டிருக்கும். பட்டை துள்ளியும் ஒலி கேட்கவில்லையென்றால் சேவையகம்வரை ஒலி வந்துவிட்டது. அதற்குக் கீழே, அல்சா அளவிலோ கம்பியிலோ ஒலிபெருக்கியிலோ தடை இருக்கிறது. பட்டை அசையாவிட்டால் நிரல்தான் ஒலியைத் தரவில்லை. தம்பியால் இப்பட்டையைக் காண இயலாது. பார்வையுள்ள ஒருவர் அருகிலிருந்து இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும். எஞ்சிய ஆய்வை அவனே மேற்கொள்ள முடியும்.

வன்பொருளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேசைக் கணினியில் பச்சைநிறத் துளை ஒலிபெருக்கிக்கும் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கும் உரியவை. பலர் கைபடும் கணினியில் இவை மாறிச் செருகப்படுவது அடிக்கடி நிகழ்கிறது. மடிக்கணினியில் ஹெட்ஃபோன் துளைக்குள் தூசு சேர்ந்தால், ஹெட்ஃபோன் செருகப்பட்டிருப்பதாகக் கணினி மயங்கி, ஒலிபெருக்கியை அடைத்துவிடும். ஹெட்ஃபோன் கம்பி பெரும்பாலும் செருகியை ஒட்டிய வளைவில்தான் அறும். வேறொரு ஹெட்ஃபோனை மாட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தெரிந்து தெளிவோம்

பலர் பகிர்ந்துகொள்ளும் கணினி புதியதன்று. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் 1961ஆம் ஆண்டே ஒரு கணினியின் நேரத்தைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் முறை செய்துகாட்டப்பட்டது. அத்தகைய கணினிகளை ஒவ்வொருவரும் தத்தம் தட்டச்சு முனையத்தின் வழியாகப் பயன்படுத்தினர். அம்முனையங்களில் எழுந்த அறிவிப்பொலி மணியோசை. ஆஸ்கி குறியீட்டில் 7ஆம் எண் எழுத்தாகப் பதிவாவதில்லை. முனையத்தின் மணியை அடிக்கச் செய்கிறது. ஒவ்வொரு முனையத்திலும் அதற்குரிய மணி இருந்ததால் ஒருவரின் ஒலி மற்றவரைத் தடுக்கவில்லை. ஒரே ஒலியட்டையைப் பலர் பகிர நேர்ந்தபோதுதான் ‘ஒலி யாருக்கு உரியது’ என்னும் சிக்கல் எழுந்தது.

உரிமை யாரிடம்?

அம்பத்தூர் வீட்டிற்குத் திரும்புவோம். ஒலியட்டை ஒன்று, ஒலிச் சேவையகங்கள் இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு சேவையகமே ஒலியட்டையைத் திறந்து வைத்திருக்க முடியும் என்பது பெரும்பாலான ஒலியட்டைகளின் இயல்பு. எனவே, இருவருக்குமிடையே ஒரு நடுவர் தேவை.

இன்றைய லினக்ஸ் அமைப்புகளில் அந்நடுவராக உள்நுழைவு மேலாளர் என்னும் பகுதி செயல்படுகிறது. விசைப்பலகைக்கும் திரைக்கும் முன் இப்போது அமர்ந்திருப்பவர் யார் என்பதை அது கவனிக்கிறது. அவருக்கே ஒலிக்கருவியைத் திறக்கும் உரிமையை வழங்குகிறது. பயனர் மாறினால், முந்தையவரிடமிருந்து அவ்வுரிமையைத் திரும்பப் பெற்று அடுத்தவருக்குத் தருகிறது. உரிமை பறிபோனதை அறிந்த முந்தையவரின் சேவையகம் ஒலிக்கருவியை விட்டு விலகிக் காத்திருக்கும். அவர் திரும்பி வந்தால் ஒலியும் திரும்பி வரும். இந்த ஏற்பாடு சரியாக நடந்தால் அக்காவும் தம்பியும் நாள்முழுதும் மாறிமாறி அமர்ந்தாலும் சிக்கல் எழாது.

ஆனால், அக்காவின் கணக்கில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. முன்பொருமுறை அவளுக்கு ஒலி வராதபோது, தெரிந்தவர் ஒருவர் கூறிய வழிப்படி அவள் பெயர் ‘ஆடியோ’ என்னும் பயனர் குழுவில் சேர்க்கப்பட்டது. அக்குழு லினக்ஸில் பழங்காலத்திலிருந்தே இருந்துவருகிறது. அதில் சேர்ந்தவருக்கு ஒலிக்கருவியைத் திறக்கும் உரிமை நிலையாக உண்டு. அவர் கணினிக்கு முன் அமர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. நடுவர் திரும்பப் பெறுவது தாம் அளித்த தற்காலிக உரிமையை மட்டுமே. குழுவின்வழி வந்த நிலையான உரிமையை அவரால் தொட முடியாது. ஆகவே, பயனர் மாறிய பின்னும் அக்காவின் சேவையகம் ஒலியட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. தம்பியின் சேவையகம் ஒலியட்டையைத் திறக்க முயன்று தோற்று, ‘டம்மி அவுட்புட்’ என்னும் வெற்று வெளியீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டது. ஆர்க்கா பேசிக்கொண்டுதான் இருந்தது. அப்பேச்சு எங்கும் செல்லவில்லை.

அப்படியானால் ஏன் சில நாள் மட்டும் இது நிகழ்ந்தது? எந்த நிரலும் ஒலியைப் பாய்ச்சாதபோது, பல்ஸ்ஆடியோ ஏறத்தாழ 5 நொடி காத்திருந்து ஒலியட்டையைத் தானாகவே விட்டுவிடும். அக்கா காணொலியை நிறுத்திவிட்டு எழுந்த நாள்களில் தம்பிக்கு ஒலி கிடைத்தது. நிறுத்தாமல் ஒலியளவை மட்டும் சுழியமாக்கிய நாள்களில் ஒலி பாய்ந்துகொண்டே இருந்தது. செவிக்குக் கேட்கவில்லையே தவிர, ஒலியட்டைக்கு அதுவும் வேலைதான். கேட்காத ஒலி ஒன்று, கேட்கவேண்டிய ஒலியைத் தடுத்துக்கொண்டிருந்தது.

ஒலி வரவில்லையென்றால் ஆடியோ குழுவில் சேர்த்துவிடு என்பது இன்றும் பலர் வாயில் வழங்கும் அறிவுரை. தனியொருவர் பயன்படுத்தும் கணினியில் அதனால் தீங்கு எதுவும் உடனே தெரிவதில்லை. பலர் பயன்படுத்தும் கணினியில் அது இருவகைத் தீங்கைத் தருகிறது. ஒன்று, மேலே கண்ட ஒலித்தடை. மற்றொன்று அதனினும் கவலைக்குரியது. ஒலிபெருக்கியைத் திறக்கும் அதே உரிமை ஒலிவாங்கியையும் திறக்கும். ஆடியோ குழுவில் உள்ள ஒருவர் பின்னணியில் ஒரு நிரலை ஓடவிட்டுச் சென்றால், கணினிக்கு முன் இப்போது அமர்ந்திருப்பவரின் பேச்சை அந்நிரலால் பதிவுசெய்ய இயலும். வலைப்பின்னல் வழியே வேறிடத்திலிருந்து உள்நுழைபவருக்கும் அவ்வாறே இயலும். பல்ஸ்ஆடியோவை அனைவருக்கும் பொதுவான ஒரே சேவையகமாக இயக்கும் முறையும் உண்டு. பயனர்களுக்கு இடையேயான காப்பு அதில் குறைவதால் அதனை உருவாக்கியோரே பொதுப் பயன்பாட்டிற்குப் பரிந்துரைப்பதில்லை. எல்லாருக்கும் எப்போதும் உரிமை என்பது கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஒலியட்டையைப் பொறுத்தவரை முந்திக்கொண்டவருக்கே உரிமை என்பதில்தான் அது முடிகிறது.

தீர்வு எளிது. நிர்வாகி உரிமை உடையவர் அக்காவின் பெயரை ஆடியோ குழுவிலிருந்து நீக்க வேண்டும். அதன்பின் இரு பயனர்களும் முழுமையாக வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். குழு மாற்றம் புதிய உள்நுழைவில்தான் செயலுக்கு வரும். பிறகு சோதனை: அக்கா காணொலியை ஓடவிட்டு, நிறுத்தாமலே பயனர் மாற்றுக் கட்டளையைத் தருகிறாள். தம்பி உள்நுழைகிறான். ஆர்க்கா பேச வேண்டும். மீண்டும் அக்காவின் கணக்கிற்கு மாறினால் காணொலியின் ஒலி திரும்ப வேண்டும். இரு திசையிலும் தடையில்லையெனில் கோளாறு நீங்கியது என்று கொள்ளலாம். ஒரு திசையில் மட்டும் சோதித்து நிறைவடைவது கூடாது.

இதில் மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. கணினியில் முதலில் உருவாக்கப்பட்ட கணக்கு அக்காவுடையது. நிர்வாகி உரிமையும் அவளிடமே இருக்கிறது. ஒலி நின்றால் பாதிக்கப்படுபவன் தம்பி. சரிசெய்யும் உரிமையோ அவனிடம் இல்லை. அக்கா வீட்டில் இல்லாத நாளில் அவன் செய்யக்கூடியது கணினியை மறுதொடக்கம் செய்வது மட்டுமே. தம்பிக்கும் நிர்வாகி உரிமை தருவதா என்பது அக்குடும்பம் முடிவுசெய்ய வேண்டியது. எதனையும் நிறுத்தாமல் பயனரை மாற்றும் பழக்கத்தைவிட, பணி முடிந்ததும் முழுமையாக வெளியேறும் பழக்கம் அவனுக்கு உடனடியாக உதவும்.

ஒரே கணக்கும் பல பேரும்

பள்ளிக் கணினிக் கூடங்களில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே பெரும்பாலும் ‘மாணவர்’ என்றோ வேறு பொதுப்பெயரிலோ ஒரே கணக்கு இருக்கும். நாளொன்றுக்குப் பல வகுப்பினர் அதனுள் நுழைவர். உரிமைப் போட்டி இல்லை. ஆனால், ஒருவர் செய்த மாற்றம் அப்படியே அடுத்தவருக்குச் சென்று சேர்கிறது. முதல் பாடவேளையில் ஒருவர் ஒலியை அடைத்துச் சென்றால் இரண்டாம் பாடவேளையில் வருபவர் அமைதியைப் பெறுகிறார். ஒலி வெளியீட்டை ஒருவர் திரைக்கு மாற்றியிருப்பார். அத்திரையில் ஒலிபெருக்கியே இராது. திரைவாசிப்பானின் குரல் தொல்லையாக இருக்கிறதென்று ஒருவர் அதன் வேகத்தையோ மொழியையோ மாற்றியிருப்பார், அன்றி அதனையே நீக்கியிருப்பார்.

ஒரே கணினியில் இரண்டு மூன்று திரைகளையும் விசைப்பலகைகளையும் இணைத்து, ஒரே வேளையில் பலர் பணிசெய்யும் முறையும் உண்டு. அங்கே ஒவ்வோர் இருக்கைக்கும் தனி ஒலியட்டை தேவை. யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய ஒலியட்டைகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றுள் எது எந்த இருக்கைக்கு உரியது என்று இயங்குதளத்திற்கு ஒருமுறை அறிவித்துவிட்டால் ஒருவரின் ஒலி மற்றவர் செவிக்குச் செல்லாது. அறிவிக்காமல் விட்டால் எல்லா ஒலியும் முதல் இருக்கைக்கே சென்று சேரும்.

கூடத்தில் பயிலும் பார்வைத்திறன் குறைந்த மாணவருக்கு என்விடிஏ ஒரு நல்ல வசதியைத் தருகிறது. அதனை யுஎஸ்பி நினைவகத்தில் கையடக்கப் பதிப்பாக வைத்துக்கொண்டு, எந்த விண்டோஸ் கணினியில் செருகினாலும் இயக்க முடியும். பேச்சின் வேகம், குரல், மொழி ஆகிய அவருடைய விருப்பங்கள் அவரோடே வரும்; முந்தைய பாடவேளையில் யார் எதை மாற்றியிருந்தாலும் அவை பாதிப்பதில்லை. ஆயினும், ஒலி எந்தக் கருவிக்குச் செல்ல வேண்டும் என்னும் தெரிவையும் அது நினைவில் கொள்ளும் என்பதால், வேறு கணினியில் அமரும்போது இயல்பான வெளியீட்டுக் கருவியைத் தேர்ந்து வைத்திருப்பது நல்லது. விசைப்பலகையிலுள்ள ஒலியளவைக் கூட்டும் விசையைச் சிலமுறை அழுத்துவதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒலி அடைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதனால் திறந்துகொள்ளும்.

கையடக்கப் பதிப்பால் ஒன்று இயலாது. கடவுச்சொல் கேட்கும் முதல் திரையில் எந்தப் பயனரும் இன்னும் உள்நுழையவில்லை. ஆகவே பயனரின் நினைவகத்திலுள்ள எந்த மென்பொருளும் அங்கே இயங்காது. தனிக் கணக்குகள் உள்ள கூடத்தில் அம்மாணவர் அத்திரையில் தம் பெயரைத் தேடித் தேர்ந்தெடுக்க வேறொருவரின் துணையை நாட வேண்டியிருக்கும். இதற்கான தீர்வு நிர்வாகியிடம் உள்ளது. கணினியில் என்விடிஏவை நிறுவி, அதன் பொது அமைப்புகளில் ‘உள்நுழைவின்போது என்விடிஏவைப் பயன்படுத்து’ என்னும் தெரிவை இயக்கிவிட வேண்டும். உரிய ஒலியளவும் மொழியும் உள்நுழைவுத் திரையிலும் வருமாறு, நிர்வாகி தம் கணக்கின் அமைப்புகளை அத்திரைக்கும் படியெடுத்து வைக்க வேண்டும். அது முடிந்தபின் கணினியை அணைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். எவரும் விசையைத் தொடுமுன்பே கணினி பேசத் தொடங்கும்.